மீன் தொட்டியில் மூங்கில் வளருமா? கரிசல் வட்டார விவசாயிகளுக்கான முழு விவரம்

கோவில்பட்டி, கழுகுமலை, கயத்தாறு பகுதிகளில் வீட்டுக்குள் கண்ணாடி மீன் தொட்டி வைப்பது கிராமங்கள் வரை வந்துவிட்டது. தொட்டிக்குள் பச்சைத் தண்டோடு நிற்கும் 'மூங்கிலை'ப் பார்த்து, இதைத் தோட்டத்தில் வளர்த்து விற்கலாமா, பண்ணைக்குட்டையில் நடலாமா என்று விவசாயிகள் கேட்கிறார்கள். அது எந்தச் செடி, நம் பகுதித் தண்ணீரில் எப்படி வளர்ப்பது, மீன் சாகாமல் பார்த்துக்கொள்வது எப்படி, இதில் வருமானம் உண்டா என்பதை இக்கட்டுரையில் பார்க்கலாம்.

இது மூங்கில் அல்ல

கடைகளில் 'லக்கி பாம்பூ', 'அதிர்ஷ்ட மூங்கில்', 'வாஸ்து மூங்கில்' என்ற பெயர்களில் விற்கப்படும் செடி மூங்கில் இனமே அல்ல. இதன் தாவரவியல் பெயர் டிரசீனா சாண்டெரியானா. மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் காட்டு நிழலில் வளரும் செடி இது. மூங்கில் புல் குடும்பத்தைச் சேர்ந்தது. அதாவது நெல், சோளம், கரும்புக்குச் சொந்தம். டிரசீனாவோ தண்ணீர்விட்டான் கிழங்கின் குடும்பத்தைச் சேர்ந்தது. தண்டில் கணு கணுவாக இருப்பதால்தான் மூங்கில் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

உண்மையான மூங்கிலைத் தொட்டித் தண்ணீரில் வளர்க்க முடியாது. மூங்கில் வேருக்குக் காற்றோட்டம் வேண்டும். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். பச்சை மூங்கில் துண்டை அழகுக்காகத் தொட்டிக்குள் போடுவதும் நல்லதல்ல. அதிலுள்ள சர்க்கரைச் சத்து கரைந்து, பாக்டீரியா பெருகி, இரண்டு மூன்று நாட்களில் தண்ணீர் பால் போலக் கலங்கும். மீனுக்கு மூச்சுத் திணறல் வரும்.

எனவே 'மூங்கில் திட்டத்தில் மானியம் உண்டு' என்று சொல்லி யாராவது லக்கி பாம்பூ கன்று விற்றால் நம்ப வேண்டாம். மூங்கில் இயக்கத்தின் உதவிகள் புல் குடும்ப மூங்கிலுக்கு மட்டுமே. கன்று வாங்கினால் விளைச்சலைத் திரும்ப வாங்கிக்கொள்கிறோம் என்று முன்பணம் கேட்பவர்களிடமும் கவனமாக இருங்கள். வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் ஒரு முறை விசாரித்துவிட்டு முடிவெடுங்கள்.

முழுவதும் மூழ்கினால் அழுகும்

லக்கி பாம்பூ நீர்த்தாவரம் அல்ல. வேரும் தண்டின் அடிப்பகுதியும் தண்ணீரில் இருக்கலாம். இலைகள் தண்ணீருக்கு மேலே காற்றில் இருக்க வேண்டும். தலை வரை மூழ்கடித்தால் சில வாரங்கள் பச்சையாகவே நிற்கும். அதைப் பார்த்து, செடி பிழைத்துவிட்டது என்று நினைத்துவிடுகிறோம். பிறகு இலை மஞ்சளாகும், தண்டு மெத்தென்று ஆகும், அழுகல் தொடங்கும். அழுகிய பாகத்திலிருந்து அமோனியா வரும். செடி போவதோடு மீனும் போகும்.

ஓர் அடி உயரத் தொட்டிக்கு 40 முதல் 45 செ.மீ. உயரமுள்ள தண்டு வாங்கினால், இலைகள் நீர்மட்டத்துக்கு மேலே நிற்கும். தொட்டிக்கு மூடி இருந்தால் செடி நிற்கும் பக்கத்தில் திறப்பு விட வேண்டும்.

தண்ணீருக்குள்ளேயே முழுதும் வளரும் செடி வேண்டுமென்றால் வாலிஸ்னேரியா, ஹைட்ரில்லா போன்ற உண்மையான நீர்த்தாவரங்களை வைக்கலாம். தொட்டியின் பின்வரிசையில் லக்கி பாம்பூ, முன்வரிசையில் வாலிஸ்னேரியா என்று இரண்டையும் சேர்த்து வைப்பது நல்ல அமைப்பு.

செடி தண்ணீரில் என்ன செய்கிறது?

வயலில் யூரியா போட்டால் அது முதலில் அமோனியாவாக மாறுகிறது. மண்ணிலுள்ள பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. பயிர் பெரும்பாலும் நைட்ரேட்டாகவே எடுத்துக்கொள்கிறது. மீன் தொட்டியிலும் இதே கதைதான். மீனின் கழிவும், மிச்சத் தீனியும் அமோனியாவாகின்றன. சரளையிலும் வடிகட்டிப் பஞ்சிலும் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரேட்டாக்குகின்றன. லக்கி பாம்பூவின் வேர் அந்த நைட்ரேட்டை உறிஞ்சிக்கொள்கிறது.

அமோனியாவும் நைட்ரைட்டும் மீனுக்கு நஞ்சு. நைட்ரேட் ஓரளவு வரை தொந்தரவு தராது. ஆகவே செடியை விட அந்தப் பாக்டீரியாக்களே முக்கியம். அவை பெருக மூன்று முதல் நான்கு வாரங்கள் ஆகும். தொட்டி வாங்கிய அன்றே மீனை விட்டால் ஒரு வாரத்தில் சாவது இதனால்தான்.

நம் பகுதிக்கு இன்னொரு சிக்கல் உண்டு. கரிசல் காட்டுக் கிணற்று நீர் பெரும்பாலும் காரத்தன்மை உள்ளது. கார அமில நிலை 8-ஐத் தாண்டினாலும், தண்ணீர் சூடானாலும், அமோனியா அதிக நச்சுத்தன்மை உள்ள வடிவத்துக்கு மாறும். கரிசலில் யூரியாவை மேலாகத் தூவிவிட்டால் காற்றில் ஆவியாகிப் போவதும் இதே காரணத்தால்தான். சித்திரை, வைகாசி வெயிலில் நம் ஊர்த் தொட்டிகளில் மீன் அதிகம் சாவதற்கு இது முக்கியக் காரணம்.

ஒரு தவறான எண்ணத்தையும் இங்கே சொல்ல வேண்டும். 'செடி இருந்தால் காற்றுக்குழாய் தேவையில்லை' என்று சிலர் சொல்கிறார்கள். லக்கி பாம்பூவின் இலை தண்ணீருக்கு மேலே இருப்பதால் அது வெளியிடும் ஆக்சிஜன் அறைக் காற்றில்தான் கலக்கும், தண்ணீரில் கலக்காது. நீரில் மூழ்கிய செடிகளும் பகலில் மட்டுமே ஆக்சிஜன் தரும். இரவில் அவையும் சுவாசிக்கும். எனவே காற்று மோட்டார் அவசியம். கரண்டு அடிக்கடி போகும் ஊர்களில் மீன் எண்ணிக்கையைக் குறைவாக வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தத் தண்ணீர் நல்லது?

*குழாய்த் தண்ணீர்:* ஊராட்சித் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் கலந்து வரும் நீரில் குளோரின் இருக்கும். அது மீனின் செவுளைப் புண்ணாக்கும். நல்ல பாக்டீரியாவையும் கொல்லும். வாய் அகன்ற வாளியிலோ அண்டாவிலோ 24 மணி நேரம் திறந்து வைத்துவிட்டுப் பிறகு ஊற்றவும்.

*ஆழ்துளைக் கிணற்று நீர்:* உப்பு அதிகமிருந்தால் லக்கி பாம்பூவின் இலை நுனி கருகும். ஃப்ளோரைடு கூடுதலாக இருந்தாலும் இதே அறிகுறிதான். டிரசீனா இனங்கள் ஃப்ளோரைடைத் தாங்காதவை. ஃப்ளோரைடு, குளோரின் போல ஆவியாகாது. கொதிக்க வைத்தாலும் போகாது. பாசன நீர் மாதிரியை மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து உப்பு அளவையும் கார அமில நிலையையும் தெரிந்துகொண்டால், தொட்டிக்கு மட்டுமல்ல, வயலுக்கும் உதவும்.

*மழை நீர்:* லக்கி பாம்பூவுக்கு மிக நல்லது. நம் வட்டாரத்தில் மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவத்தில்தான் கிடைக்கிறது. முதல் மழையில் கூரைத் தூசியைக் கழுவ விட்டுவிட்டு, அடுத்த மழைகளில் பிடித்து மூடி வைக்கலாம். ஆனால் மழை நீரை மட்டும் மீன் தொட்டியில் ஊற்றக் கூடாது. அதில் தாது உப்புகள் இல்லாததால் மீன் சோர்ந்துவிடும். கிணற்று நீர் ஒரு பங்கு, மழை நீர் ஒரு பங்கு என்று கலந்து ஊற்றுவது செடிக்கும் மீனுக்கும் நடுவான வழி.

*எவ்வளவு தண்ணீர் தேவை?* ஒரு கன அடி 28 லிட்டர். இரண்டடி நீளம், ஓர் அடி அகலம், ஓர் அடி உயரம் உள்ள தொட்டியின் கொள்ளளவு 56 லிட்டர். மேல் விளிம்பு விட்டு, சரளை போட்டது போக, 45 முதல் 50 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். வாரம் ஒரு முறை கால் பங்கு மாற்ற வேண்டும்; அதாவது சுமார் 12 லிட்டர், ஒரு குடம். கோடையில் குடம் தண்ணீருக்கு அலையும் ஊர்களில் இதைக் கணக்கில் வைத்துத் தொட்டி வாங்குங்கள். வெளியேற்றும் தண்ணீர் வீண் அல்ல. தழைச்சத்து கரைந்த அந்தத் தண்ணீரைக் கறிவேப்பிலை, தக்காளி, கத்தரிக்கு ஊற்றலாம். மீன் நோய்க்கு உப்போ மருந்தோ போட்டிருந்தால் மட்டும் ஊற்ற வேண்டாம்.

தொட்டி அமைக்கும் முறை

1. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. கண்ணாடி, சரளை எல்லாம் சேர்த்து இரண்டடித் தொட்டி 70 கிலோவைத் தாண்டும். சமமான, உறுதியான மேடையில் வைக்கவும். அடியில் தெர்மாகோல் அட்டை விரித்தால் கண்ணாடியில் விரிசல் விழாது.

2. நேர் வெயில் படும் ஜன்னலோரம் வேண்டாம். வெயிலில் தண்ணீர் சூடாகும், பாசி படியும், லக்கி பாம்பூவின் இலை வெளுக்கும். வெளிச்சம் இருந்து வெயில் படாத இடம் சரியானது.

3. கரிசல் மண்ணைத் தொட்டிக்குள் போடக் கூடாது. நனைந்தால் உப்பும் களி அது. தண்ணீர் தெளியவே தெளியாது. கழுவிய ஆற்றுச் சரளையை ஒன்றரை அங்குல உயரத்துக்குப் பரப்பவும்.

4. நம் காடுகளிலும் ஓடைகளிலும் பொறுக்கும் கல்லில் சுக்கான் கல் கலந்திருக்கும். அது சுண்ணாம்பு. தண்ணீரில் மெதுவாகக் கரைந்து கடினத்தன்மையைக் கூட்டும். கல்லின் மேல் எலுமிச்சைச் சாறு பிழிந்து பாருங்கள். நுரைத்தால் அந்தக் கல் வேண்டாம்.

5. தண்ணீர் நிரப்பி, காற்று மோட்டாரையும் பஞ்சு வடிகட்டியையும் ஓடவிட்டு, செடிகளை முதலில் வைக்கவும். தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டு வந்தால் பாக்டீரியாவுக்கு உணவாகும். மூன்று நான்கு வாரங்கள் பொறுக்கவும். அமோனியா, நைட்ரைட் பார்க்கும் சோதனைக் குப்பிகள் மீன் கடைகளில் கிடைக்கும். இரண்டும் பூஜ்யம் காட்டிய பிறகு மீன் விடலாம்.

6. முதலில் மூன்று நான்கு மீன்கள் மட்டும். ஒரு வாரம் கழித்து இன்னும் சில. 50 லிட்டருக்குச் சிறிய மீன் பத்து போதும்.

செடியை வைக்கும் முறை

கடையில் வாங்கிய செடியை நேராகத் தொட்டிக்குள் வைக்க வேண்டாம். நாற்றங்காலில் பூச்சிமருந்து அடித்திருக்கலாம். தனிப் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, இரண்டு நாளுக்கு ஒரு முறை தண்ணீரை மாற்றி, பத்துப் பதினைந்து நாட்கள் வைத்திருந்து பிறகு சேர்க்கவும். தண்டைச் சுற்றியுள்ள கம்பி, பளபளப்புத் தாள் எல்லாவற்றையும் நீக்கிவிட வேண்டும்.

தண்டைச் சரளைக்குள் ஒரு அங்குல ஆழத்துக்குச் செருகலாம். இன்னும் எளிய வழி, துளையிட்ட பிளாஸ்டிக் கப்பில் செடியை நிறுத்தி, கப்பைத் தொட்டி விளிம்பில் மாட்டிவிடுவது. வேர் மட்டும் தண்ணீரில் தொங்கும். அழுகல் வந்தால் உடனே தெரியும், எடுப்பதும் சுலபம். எத்தனை தண்டு வைத்தால் எந்த அதிர்ஷ்டம் என்பது அவரவர் நம்பிக்கை. செடிக்கு அதனால் வித்தியாசமில்லை. 50 லிட்டர் தொட்டிக்கு ஐந்தாறு தண்டு போதுமானது.

எந்த மீன் ஏற்றது?

நம் கடினத் தண்ணீரைத் தாங்கக்கூடியவை கப்பி, மோலி, பிளாட்டி. இவை குட்டி போடும் மீன்கள். எண்ணிக்கை பெருகித் தொட்டி நெருக்கடியாகாமல் இருக்க ஆண் மீன்களை மட்டும் வாங்கலாம். தங்கமீன் சரளையைக் கிளறி, வேரைக் கடித்து இழுக்கும், கழிவும் அதிகம். இரண்டடித் தொட்டிக்கு அது ஏற்றதல்ல.

தீனி, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு மட்டுமே. மிச்சம் விழுந்து அழுகுவதுதான் பெரும்பாலான தொட்டிகளைக் கெடுக்கிறது.

செய்யவே கூடாதவை

*உரம் போடக் கூடாது.* செடி வெளிறி இருக்கிறதே என்று யூரியா, டிஏபி ஒரு சிட்டிகை போட்டால் அமோனியா ஏறி மீன்கள் செத்துவிடும். மீன் குளத்தில் உரம் போடுகிறார்களே என்று கேட்கலாம். அங்கே பெரும் நீர்ப்பரப்பும், உரத்தை உண்ணும் நுண்பாசியும் உண்டு. 50 லிட்டர் கண்ணாடித் தொட்டியில் அந்தத் தாங்குதிறன் கிடையாது. மீன் கழிவே இந்தச் செடிக்குப் போதிய உரம்.

*மருந்து அடித்த கையோடு தொடக் கூடாது.* பருத்தி, மிளகாய், மக்காச்சோளத்துக்கு அடிக்கும் சைபர்மெத்ரின், லாம்ப்டா சைஹலோத்ரின் போன்ற மருந்துகள் மிக நுண்ணிய அளவிலேயே மீனைக் கொல்பவை. மருந்து அடித்த நாளில் குளித்து, உடை மாற்றிய பிறகே தொட்டிக்கு அருகில் செல்லுங்கள். மருந்து அளந்த வாளியை, குவளையைத் தொட்டிக்குப் பயன்படுத்தவே கூடாது. தெளிப்பானைக் கழுவிய தண்ணீர் கண்மாயிலும் ஓடையிலும் கலக்காமல் பார்த்துக்கொள்வதும் இதே காரணத்துக்காகத்தான்.

*கொசுவிரட்டி வேண்டாம்.* கொசுவர்த்திச் சுருளும், கரண்டில் சொருகும் திரவ மருந்தும் இதே வகை நஞ்சுதான். தொட்டி உள்ள அறையில் வைத்தால் காற்று மோட்டார் அதை உறிஞ்சித் தண்ணீரில் கலக்கும்.

*வெட்டிய செடியை ஆடு, மாடு எட்டும் இடத்தில் போடக் கூடாது.* டிரசீனாவில் உள்ள சபோனின் நாய், பூனைக்கு வாந்தியை உண்டாக்கும். மற்றக் கால்நடைகள் வாய் வைக்காமல் பார்த்துக்கொள்வதும் நல்லது.

டெங்கு கொசு: கவனம் தேவை

லக்கி பாம்பூவை மீன் இல்லாமல் வெறும் கண்ணாடிக் குவளையில் வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். 2001-ஆம் ஆண்டு சீனாவிலிருந்து அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் துறைமுகத்துக்கு வந்த லக்கி பாம்பூ சரக்கில், அடியில் தேங்கிய தண்ணீரில் ஆசியப் புலிக்கொசு இருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. டெங்குவைப் பரப்பக்கூடிய கொசு அது. நெதர்லாந்தில் இச்செடியை இறக்குமதி செய்த பசுமைக்குடில்களிலும் அதே கொசு பிடிபட்டது.

டெங்கு பரப்பும் ஏடிஸ் வகைக் கொசு, வீட்டுக்குள் தேங்கும் நல்ல தண்ணீரையே விரும்பும். முட்டை பொரிந்து கொசுவாகப் பறக்க ஏழு முதல் பத்து நாட்கள் போதும். முட்டைகள் பாத்திரத்தின் சுவரில் ஒட்டிக்கொண்டு, தண்ணீர் வற்றினாலும் பல மாதங்கள் உயிரோடு இருக்கும். ஆகவே குவளையில் செடி வைத்தால் வாரம் ஒரு முறை தண்ணீரை முழுதும் கொட்டி, உட்சுவரை நாரால் தேய்த்துக் கழுவ வேண்டும். மழைக்காலத்தில் இதில் சோம்பல் கூடாது. கப்பி மீன் உள்ள தொட்டியில் இந்தக் கவலை இல்லை. கொசுப்புழுவை அவை விடாமல் தின்றுவிடும்.

அறிகுறியும் தீர்வும்

- இலை நுனி மட்டும் பழுப்பாகிக் கருகினால்: உப்பு, குளோரின் அல்லது ஃப்ளோரைடு கூடுதல். மழை நீர் கலந்து ஊற்றவும்.
- அடி இலை ஒன்றிரண்டு மஞ்சளானால்: வயதானதால் இருக்கலாம். கிள்ளி எறியவும்.
- எல்லா இலையும் வெளுத்தால்: நேர் வெயில் படுகிறது. இடம் மாற்றவும்.
- தண்டு மஞ்சளாகி மெத்தென்று ஆனால்: அழுகல் தொடங்கிவிட்டது. அந்தத் தண்டு மீண்டும் பச்சையாகாது. அன்றே வெளியே எடுக்கவும். மேல்பகுதி கெட்டியாகப் பச்சையாக இருந்தால் அதை மட்டும் வெட்டிப் புதிதாக வேர்விட வைக்கலாம்.
- வேர் கறுத்து வழவழத்து நாற்றமடித்தால்: கெட்ட வேரை வெட்டிவிட்டுக் கழுவி, காற்றுக்குமிழ் வரும் இடத்துக்கு அருகில் வைக்கவும். இச்செடியின் நல்ல வேர் ஆரஞ்சு சிவப்பு நிறத்தில் இருக்கும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.
- தண்ணீர் பச்சையானால்: வெளிச்சமும் தீனியும் கூடுதல். இரண்டையும் குறைக்கவும்.
- மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால்: ஆக்சிஜன் குறைவு அல்லது அமோனியா. உடனே கால் பங்கு முதல் பாதி வரை, குளோரின் போன தண்ணீரால் மாற்றவும். அன்று தீனி போட வேண்டாம்.

கரணை போல வெட்டிப் பெருக்கலாம்

கரும்பில் கரணை வெட்டத் தெரிந்தவருக்கு இது கடினமல்ல. கணு இருக்கும்படி 10 முதல் 15 செ.மீ. துண்டாக, சுத்தமான கத்தியால் வெட்டவும். மேல் வெட்டில் மெழுகு உருக்கித் தடவினால் காயாமலும் அழுகாமலும் இருக்கும். அடிப்பக்கம் இரண்டு அங்குலம் தண்ணீரில் மூழ்கும்படி நிழலில் வைக்கவும். தலைகீழாக வைத்துவிடக் கூடாது. மூன்று நான்கு வாரங்களில் வேரும், கணுவிலிருந்து குருத்தும் வரும்.

நிறையக் கன்று வேண்டுமென்றால் தண்ணீரை விட மண்ணே சிறந்தது. செம்மண், மணல், மக்கிய உரம் சம பங்கு கலந்த பைகளில், நிழல்வலைக்கு அடியில் தாய்ச்செடி வளர்த்தால் தண்டு வேகமாகத் தடிக்கும். அதிலிருந்து வெட்டி, தண்ணீரில் வேர்விட வைத்து விற்பதுதான் வணிக முறை. கரிசல் மண்ணைப் பையில் நிரப்ப வேண்டாம். நீர் தேங்கி வேர் அழுகும்.

வருமானம் கிடைக்குமா?

லக்கி பாம்பூவை மட்டும் நம்பி இறங்குவதற்கு இடமில்லை. சந்தையில் உள்ளதில் பெரும்பகுதி சீனாவிலிருந்து வருகிறது; அங்கே பெரிய அளவில், சுருட்டியும் பின்னியும் வடிவமைத்து அனுப்புகிறார்கள். அதோடு விலையில் போட்டியிடுவது கடினம். நம் கோடை வெப்பமும் இச்செடிக்கு ஒவ்வாதது. 18 முதல் 32 டிகிரி வரை இதற்குச் சுகமான வெப்பநிலை.

ஆனால் அலங்கார மீன் வளர்ப்போடு சேர்த்துச் செய்தால் வீட்டளவில் பக்க வருமானத்துக்கு வழியுண்டு. சென்னை கொளத்தூர் பகுதி அலங்கார மீன் வணிகத்துக்குப் பெயர்பெற்ற இடமாக வளர்ந்ததும் வீட்டுக் கொல்லைத் தொட்டிகளிலிருந்துதான். 2020-இல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் கொல்லைப்புற அலங்கார மீன் வளர்ப்பு அலகுக்கு 3 லட்ச ரூபாய் திட்ட மதிப்பீடு; பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதம், பெண்களுக்கும் பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கும் 60 சதவீதம் மானியம் என்று வகுக்கப்பட்டது. தற்போது விண்ணப்பம் பெறப்படுகிறதா என்பதை மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு செலவைத் தொடங்கவும்.

தொடங்கும் முன் மூன்று கேள்விகளுக்கு விடை வேண்டும். பங்குனி முதல் ஆவணி வரை தண்ணீருக்கு என்ன வழி? மீனையும் செடியையும் வாங்கிக்கொள்ளும் கடை எது, என்ன விலைக்கு? கரண்டு போனால் மாற்று ஏற்பாடு என்ன? மூன்றுக்கும் விடை இல்லாமல் கடன் வாங்க வேண்டாம்.

பண்ணைக்குட்டையில் நடலாமா?

லக்கி பாம்பூ திறந்தவெளி வெயிலில் கருகிவிடும். அதனால் குட்டையில் நட்டுப் பயனில்லை.

உண்மையான மூங்கில் வேண்டுவோர், குட்டைக்குள் அல்லாமல் வரப்பிலோ தோட்ட ஓரத்திலோ நடலாம். குட்டைக்கரைக்கு வெகு அருகில் நட்டால் வேர் கரைக்குள் இறங்கும், விரிப்புத் தாள் இருந்தால் கிழிக்கும், சருகு விழுந்து தண்ணீர் கெடும். கரிசலில் மூங்கிலுக்கு முதல் எதிரி மழைக்கால நீர்த்தேக்கம். மேட்டுப்பாத்தி போட்டு, நீர் வடியும் இடத்தில் நட வேண்டும். வறட்சியைத் தாங்குவதில் கல் மூங்கில் முன்னிலை. முதல் இரண்டு மூன்று கோடைகளுக்குத் தண்ணீர் கொடுத்தே ஆக வேண்டும். வெட்டுக்கு வர நான்கைந்து ஆண்டுகள் ஆகும். 2017-இல் இந்திய வனச் சட்டத்தில் செய்த திருத்தத்துக்குப் பிறகு, காட்டுக்கு வெளியே வளரும் மூங்கில் அச்சட்டத்தின்படி மரம் என்ற கணக்கில் வராது.

கண்மாயில் விடாதீர்கள்

தொட்டி வேண்டாம் என்று தோன்றினால் மீனையும் செடியையும் கண்மாயிலோ ஊருணியிலோ கொட்டுவது பெரிய தவறு. இன்று நம் நீர்நிலைகளை மூடிக் கிடக்கும் ஆகாயத்தாமரையும் ஒரு காலத்தில் அழகுக்காகக் கொண்டுவந்த வெளிநாட்டுச் செடிதான். 'தொட்டி சுத்தம் செய்யும் மீன்' என்று விற்கப்படும் சக்கர் மீன் தமிழ்நாட்டு நீர்நிலைகளில் பெருகி, கரையைக் குடைகிறது, வலையைக் கிழிக்கிறது, நாட்டு மீனின் இரையைப் பறிக்கிறது. கண்மாயைக் குத்தகைக்கு எடுத்து மீன் விட்ட குடும்பத்தின் வருமானத்தை ஒரு வாளி மீன் கெடுத்துவிடும். வேண்டாத மீனைக் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள், அல்லது வளர்ப்பவர்களிடம் சேர்த்துவிடுங்கள். செடியை வெயிலில் காயவைத்துக் குப்பைக்குழியில் போடுங்கள்.

யாரை அணுகலாம்?

அலங்கார மீன் வளர்ப்புப் பயிற்சிக்குத் தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி மற்றும் ஆராய்ச்சி நிலையத்தையும், மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தையும் அணுகலாம். வாகைகுளத்தில் உள்ள ஸ்காட் வேளாண் அறிவியல் நிலையத்தில் வேளாண்மை சார்ந்த ஆலோசனை கிடைக்கும். மானாவாரிப் பயிர், கரிசல் மண் தொடர்பான கேள்விகளுக்கு 1901-இல் தொடங்கப்பட்ட கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மூங்கில் நடவுக்கு வட்டாரத் தோட்டக்கலை அல்லது வேளாண்மை விரிவாக்க மையத்தில் விவரம் கேளுங்கள். செல்லும்போது ஒரு பாட்டிலில் உங்கள் கிணற்றுத் தண்ணீரையும் எடுத்துச் செல்லுங்கள். தண்ணீரின் தன்மை தெரிந்தால்தான் எந்த ஆலோசனையும் சரியாக அமையும்.